போர்வையும் திறவுகோலும்



 இந்த வாரத் தியானத்தைத் தொடங்குமுன் அப்போஸ்தலர் நடபடிகள் 28-ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வேதாகமத்தை எடுக்க எழுந்திருக்கும்போது, ஜன்னல் வழியே வெளியேயும் சற்றுப் பாருங்கள். கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்தால், நான் எதற்காக இதை எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

குற்றாலம் என்றால் வெளியூரார் நினைப்பது ஆனி, ஆடி மாதங்களைத்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று, சாரல், ஐந்தருவியில் நிற்கும் கூட்டம், சாலையோரத்தில் குவித்து விற்கும் ரம்புட்டான், மங்குஸ்தான் பழங்கள் ஆகியவையே அவர்கள் அறிந்த குற்றாலம். சீசன் முடிந்த பிறகு அந்தச் சாலையில் யார் மீந்திருக்கிறார்கள் என்பதை உள்ளூரில் வாழும் நாம்தான் அறிவோம். நான்கு மாத வேலைக்கென்று வந்து, ஊர் திரும்ப வழியின்றித் தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். புண்ணியத் தலத்தில் கண்ணை மூடலாம் என்று வந்த முதியவர்கள் இருக்கிறார்கள். மனநிலை பிறழ்ந்து, எந்த ஊர் என்று சொல்லத் தெரியாமல் பேருந்திலிருந்தோ ரயிலிலிருந்தோ இறங்கியவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது இவர்கள் அனைவரும் மூடிய கடைகளின் முகப்பில் ஒண்டிக்கொள்கிறார்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து சபரிமலை செல்லும் பக்தர்கள் கூட்டமாக வருவதால், அந்தக் கடைகளும் திறந்துவிடும். அப்போது ஒண்டுவதற்கு இருந்த இடமும் போய்விடும்.

நம் ஊர்க் குளிர் டெல்லியின் குளிர் அல்ல. தென்காசியில் டிசம்பர் மாத இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் இருபது பாகையை ஒட்டியே நிற்கும். ஆகவே நம்மில் பலர், "இங்கே யார் குளிரால் சாகப்போகிறார்கள்?" என்று எண்ணுகிறோம். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்கு விளங்கின காலைப்பொழுதைக் குறித்தே இன்று எழுதுகிறேன். இதில் என் குற்றம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது தியானம் ஆகாது.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நம் வாலிபர் சங்கத்தார் கீதப் பவனியில் சேர்ந்த காணிக்கையின் ஒரு பகுதியைக் கொண்டு நாற்பது கம்பளிப் போர்வைகள் வாங்கினார்கள். ஓர் இரவு தென்காசிப் பழைய பேருந்து நிலையம் தொடங்கி, குற்றாலம் சாலை நெடுகிலும் சென்று அவற்றைக் கொடுத்தோம். பூட்டிய பழக்கடை ஒன்றின் படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது இருக்கும். நான் குனிந்து போர்வையை நீட்டியபோது இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஒரு தம்பி அதைப் படம் எடுத்தான். அந்தப் படம் நம் சபையின் செய்தி மடலிலும் வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நிறைந்த மனதோடு வீடு திரும்பி, ஸ்தோத்திரம் செலுத்திப் படுத்தேன்.

நள்ளிரவுக்குப் பின் மழை கொட்டியது. ஓட்டின்மேல் விழுந்த அந்த ஓசை எனக்குத் தாலாட்டாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் நடக்கப் புறப்பட்டேன். கோயில் தெருவின் முனையில் இருக்கும் தேநீர்க் கடையை நீங்கள் அறிவீர்கள். அதை நடத்தும் பாய் நாலு மணிக்கே கடை திறந்துவிடுவார். அன்று பாய்லரை ஒட்டி, உள்பக்கமாக ஒரு ஸ்டூலில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பாயின் லுங்கி. தோளைச் சுற்றி ஒரு சாக்கு. கையிலிருந்த தேநீர் டம்ளர் பல்லில் மோதிக் கடகடவென்று ஒலித்தது. நாங்கள் கொடுத்த போர்வை வாசலில், பிழியப்படாத துணி மூட்டையாக, நீர் வடியக் கிடந்தது.

"என்ன பெரியவரே, போர்வையை இப்படி நனைத்துவிட்டீர்களே?" என்று கேட்டேன். கேட்ட அந்தக் கேள்வியை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கம்பளி நனஞ்சா ஆளவிடக் கனம் ஐயா. போர்த்தவும் முடியல, தூக்கிட்டு ஓடவும் முடியல. ஒதுங்க எடம் பாத்து ஒங்க கோயிலுக்குத்தான் வந்தேன். லைட்டு எரிஞ்சிது. கேட்டு பூட்டிக் கெடந்திது" என்றார்.

அவர் குரலில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலவே, கேட் பூட்டியிருந்தது என்றும் சொன்னார். பாய் ஒன்றும் பேசாமல் எனக்கும் ஒரு தேநீர் வைத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் ஆலயத்தின் திறவுகோல் இருந்தது.

அந்தக் கேட்டைப் பூட்டச் சொன்னது நான்தான். முந்தைய ஆண்டு ஆலயத்தின் வெளிக் குழாய்கள் இரண்டு களவு போயின. அதற்குப் பிறகு, "இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிட வேண்டும்" என்று கோயில்குட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவர் என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார். வாலிபர்கள் கோபுரத்தில் கட்டிய பெரிய நட்சத்திரம் அன்றிரவு முழுவதும் எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஒரு மனிதர் மழையில் நடந்து வந்திருக்கிறார். நட்சத்திரத்தைப் பார்த்து வந்தவர்களைக் குறித்து எத்தனை கிறிஸ்துமஸ் செய்திகள் கொடுத்திருக்கிறேன்! வந்தவர் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார். அவருக்கு அன்று இடம் கொடுத்தது தேநீர்க் கடை.

பிரியமானவர்களே, நீங்கள் வாசித்த வேதபகுதிக்கு இப்போது வருவோம். பதினான்கு நாள் புயலில் அலைந்து, கப்பல் உடைந்து, 276 பேர் மெலித்தா தீவின் கரையேறுகிறார்கள். அவர்களில் போர்ச்சேவகர் உண்டு, மாலுமிகள் உண்டு, கட்டுண்ட கைதிகளும் உண்டு. மழையும் குளிருமாக இருந்தது என்று லூக்கா மறவாமல் குறிக்கிறார். அது பனி உறையும் குளிராக இருந்திருக்க வேண்டியதில்லை. கடல்நீரில் நனைந்த உடல்மேல் மழைக்காற்று வீசும் குளிர். அதாவது நம் கார்த்திகைக் குளிரைப் போன்ற ஒன்று. அந்தத் தீவார் சுவிசேஷத்தைக் கேட்டவர்கள் அல்லர். வந்தவர்கள் யார், எந்தத் தெய்வத்தை வணங்குகிறவர்கள், ஏன் சிலர் விலங்கிடப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு அவர்கள் உதவவில்லை. முதலில் நெருப்பை மூட்டினார்கள். எல்லாரையும் அதனருகே சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். பவுலின் கையைக் கவ்விய விரியன்பாம்பைப் பற்றியே எப்போதும் பேசினேன். அந்த நெருப்பைப் பற்றி நான் பேசியதில்லை. பாயின் பாய்லர் அருகே நின்ற அன்றுதான் அது என் கண்ணில் பட்டது.

அன்று காலை, நம் சபையில் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற அக்காவை வரவழைத்தேன். அவர்கள் வந்து பெரியவரைப் பார்த்துவிட்டு, கடையிலேயே எனக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். அதை உங்களுக்கும் எழுதுகிறேன். இந்த மாதத்தில் யாருக்காவது உதவும்.

நம் உடலின் சூடு சுமார் 37 பாகை. அது 35-க்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து உண்டாகும். அதற்கு உறைபனி தேவையில்லை. நனைந்த துணி, வீசும் காற்று, வெறும் வயிறு, தளர்ந்த வயது ஆகிய நான்கும் சேர்ந்தால் நம் ஊர்க் குளிரே போதும். போர்வை தானாகச் சூடு தருவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைத்து, உடலின் சூடு வெளியேறாமல் காக்கிறது. நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் நீர் நின்றுவிடும். அந்த நீர் சூட்டை இழுத்துக்கொள்ளும். சிமெண்டுத் தரையும் கீழிருந்து இழுத்துக்கொள்ளும். ஆகவே மேலே போர்த்துவதற்கு முன் கீழே விரிப்பதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும். காய்ந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தாலும் நல்லது.

நடுங்குகிறவர் பேச்சுக் குழறினாலோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலோ, நனைந்து குளிர்ந்த நிலையிலேயே நடுக்கம் நின்றுபோனாலோ, தேறிவிட்டார் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. அப்போதுதான் ஆபத்து அதிகம். உடனே 108-க்கு அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத் துணியைக் கழற்றி, காய்ந்த துணியால் தலை, கழுத்து, மார்பு, வயிறு ஆகியவற்றை மூட வேண்டும். நல்ல நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால், சர்க்கரை சேர்த்த சூடான பானம் கொடுக்கலாம். கைகால்களை அழுத்தித் தேய்க்கக் கூடாது. "குளிருக்கு இதமாக இருக்கும்" என்று சொல்லி மது கொடுப்பது கொடிய தவறு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விரட்டிவிடும். சூடு ஏறியதுபோல் தோன்றும். உண்மையில் உடல் குளிர்ந்துகொண்டிருக்கும்.

பாய் இவற்றில் எதையும் படித்தவர் அல்லர். ஆயினும் ஈரத்தைக் களையச் செய்து, காய்ந்ததை உடுத்தி, அடுப்பருகே உட்காரவைத்து, இனிப்பான தேநீர் கொடுத்திருந்தார். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்திருந்தார். பின்னர் கேட்டபோதுதான், அந்தப் பெரியவருக்கு மூன்று ஆண்டுகளாகக் காலைத் தேநீரும் இரண்டு பன்னும் காசு வாங்காமல் கொடுத்துவருகிறார் என்று தெரிந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் சேகரக் கமிட்டி கூடியபோது, மழை இரவுகளில் ஞாயிறு பள்ளிக் கொட்டகையை வீடற்றவர்களுக்குத் திறந்துவைக்கலாம் என்று கேட்டேன். வந்த ஆட்சேபங்கள் எல்லாம் நியாயமானவை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். களவு போனால் யார் பொறுப்பு? குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது? பெண்கள் வந்தால் எங்கே தங்கவைப்பது? காலையில் பிள்ளைகள் வரும் இடம் அசுத்தமானால்? யாராவது இரவில் இறந்துபோனால் காவல் நிலையத்துக்கு யார் பதில் சொல்வது? ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பேசப் பேச, "போர்வை கொடுப்பதை இரண்டு மடங்கு ஆக்கிவிடலாம்" என்ற யோசனையே மேலோங்கியது. எண்பது போர்வைகளுக்குப் பணம் கொடுக்கவும் சிலர் அங்கேயே முன்வந்தார்கள்.

அப்போது நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் எழுந்தார்கள். அவர்களது பூர்வீகம் சாத்தான்குளம் பக்கத்து முதலூர். "ஐயா, எங்க ஊருக்கு அந்தப் பேரு எப்படி வந்திச்சின்னு எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அது தெரியும். விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்பட்டு, இருந்த ஊர்களில் இருக்க முடியாமற்போன குடும்பங்களுக்காக, 1799-ஆம் ஆண்டில் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று ஒரு நிலத்தை வாங்கிக் குடியேற்றினார். அதுவே முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு ஆனபடியால் முதலூர் ஆயிற்று. பின்பு ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ஆம் ஆண்டில், இவ்வாறு துரத்தப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுப்பதற்கென்றே ஒரு தரும சங்கம் ஏற்பட்டது. தென்மாவட்டங்களில் இன்று பெயர் பெற்று விளங்கும் கிறிஸ்தவ ஊர்களில் பல, ஆதியில் அடைக்கல ஊர்கள்.

"எங்க பாட்டன் பூட்டனுக்கு அன்னைக்கு ஆளுக்கொரு போர்வ குடுத்து அனுப்பியிருந்தா, நாங்க இன்னைக்கு இங்க உக்காந்து கமிட்டி பேச முடியுமா?" என்று கேட்டுவிட்டு அம்மா உட்கார்ந்தார்கள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிரியமானவர்களே, கொடுப்பதில் இரண்டு விதம் உண்டு என்று அன்று உணர்ந்தேன். போர்வையைக் கொடுக்கும்போது நாம் நம் வீட்டுக்கு வெளியே போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறோம். நம் கதவும், பூட்டும், உறக்கமும் அப்படியே இருக்கும். திறவுகோலைக் கொடுக்கும்போது அவர் நம் இடத்துக்குள் வருகிறார். நாம் அஞ்சுகிறவை எல்லாம் அவரோடு வரக்கூடும். ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தமக்குப் பிரியமான உபவாசத்தை விளக்கும்போது, பசித்தவனுக்கு ஆகாரத்தையும் வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரத்தையும் சொல்வதோடு நிற்கவில்லை. துரத்தப்பட்டவர்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வதையும் சொல்கிறார். முதல் இரண்டையும் நாம் சங்கம் வைத்துச் செய்கிறோம். மூன்றாவதை வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம்.

நம் முன்னோர் வீடுகளில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் ஒருவர் வந்து படுத்துவிட்டுக் காலையில் எழுந்துபோவார். வீட்டுக்காரரை எழுப்பிக் கேட்கவேண்டியதும் இல்லை. ராணி மங்கம்மாள் முதலான அரசர்கள் சாலைகளில் சத்திரங்கள் கட்டினார்கள். கட்டமுடியாத எளியவர்கள் வாசலில் இரண்டு முழத் திண்ணை கட்டினார்கள். இன்று அந்தத் திண்ணைகளை இடித்து இரும்புக் கிராதி போட்டுவிட்டோம். ஆலயத்துக்கும் போட்டோம்.

கமிட்டி ஒருவழியாக இணங்கியது. மழை பெய்யும் இரவுகளில் எட்டு மணி முதல் காலை ஆறு மணிவரை கொட்டகை திறந்திருக்கும். ஒவ்வோர் இரவும் சபையார் இருவர் உடன் தங்குவார்கள். காவல் நிலையத்தில் முன்னதாகத் தெரிவித்து, வருகிறவர்களின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுவோம். பெண்கள் வந்தால் பெண்கள் ஐக்கிய சங்க அறை அவர்களுக்கு. தரையில் விரிக்கக் கோரைப் பாய்களும் அட்டைகளும் சேர்த்தோம். காய்ந்த லுங்கி, சட்டை, சேலை கொண்ட பெட்டி ஒன்று வைத்தோம். பிளாஸ்கில் சுக்குக் காப்பி வைத்தோம்.

முதல் இரவு ஒருவரும் வரவில்லை. இரண்டாம் இரவும் வரவில்லை. நாங்கள் கொடுத்த போர்வையைப் பெற்றவர்கள், நாங்கள் திறந்த கதவை நம்பவில்லை. பூட்டிய கேட்டை அவர்கள் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் இரவு பாயே குடையைப் பிடித்துக்கொண்டு, பெரியவரையும் வேறு இருவரையும் அழைத்துவந்து உள்ளே விட்டார். "ஐயா நல்லவருதான், பயப்படாதீங்க" என்று அவர் என்னைக் குறித்து அவர்களிடம் சாட்சி சொல்லவேண்டியிருந்தது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதமாட்டேன். ஒருவர் குடித்துவிட்டு வந்து கூச்சலிட்டார். ஒருநாள் சுவர்க் கடிகாரம் காணாமற்போயிற்று. மனநிலை பிறழ்ந்த ஒரு சகோதரி இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தார். அவரோடு விழித்திருந்த அக்கா மறுநாள் காய்ச்சலாகப் படுத்தார்கள். அந்தச் சகோதரிக்கு எங்கள் அன்பு மட்டும் போதாது என்பதையும் கற்றுக்கொண்டோம். ஆதரவின்றித் திரியும் மனநோயாளிகளைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவது காவல்துறையின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அவ்விதமே அவர் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டார். ஆதரவற்ற முதியோருக்கு 14567 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. தயவு செய்ய விரும்புகிறவன் இந்த எண்களையும் அறிந்திருக்க வேண்டும். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நில்லாமல், சத்திரக்காரனிடம் கொண்டுபோய் ஒப்படைக்கவும் செய்தான் அல்லவா?

அரசு செய்யவேண்டியதைத் திருச்சபை ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு சகோதரர் கேட்டார். உணவுரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில், பெருநகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஓர் இரவு உறைவிடம் வேண்டும் என்று வலியுறுத்தியது உண்மைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28 இரவில் ஊழியர்கள் தெருத்தெருவாகச் சென்று வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடெங்கும் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வந்தார்கள். அரசிடம் கேட்கவேண்டியதைக் கேட்போம். நம் நகராட்சியிலும் பேரூராட்சியிலும் மனுக் கொடுப்பதும் கிறிஸ்தவ ஊழியமே. ஆனால் இன்றிரவு மழை பெய்தால், மனுவுக்குப் பதில் வரும்வரை ஒருவர் நனையாமல் இருக்கவேண்டுமே.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான்கு தென்மாவட்டங்களும் வெள்ளத்தில் தத்தளித்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. நம் கொட்டகையில் அன்றிரவு பதினெட்டுப் பேர். அவர்களில் பஸ் கிடைக்காமல் நின்றுவிட்ட ஐயப்ப பக்தர்கள் ஐவர். மாலை போட்டவர்கள் நம் இடத்தில் தங்கத் தயங்குவார்களோ என்று நான் தயங்கினேன். அவர்களோ, "சாமி, ஒரு மூலை போதும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். தங்கள் இருமுடியை வைக்க ஒரு மேசையை மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

அதே இரவில்தான் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் சூழப்பட்டு, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மின்சாரமும் பாதையும் இல்லாத நிலையில், அருகிலிருந்த புதுக்குடி ஊரார் தங்கள் வீட்டு அரிசியைச் சேர்த்துச் சமைத்து, முன்பின் அறியாத அந்த மக்களுக்குச் சோறிட்டார்கள். செய்தித்தாளில் அதை வாசித்தபோது, மெலித்தா தீவு தாமிரபரணிக் கரையிலும் இருக்கிறது என்று எண்ணிக் கண்கலங்கினேன்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பல இரவுகள் கழிந்த பின்புதான் அவர் தம்மைக் குறித்துப் பேசினார். முப்பது ஆண்டுகள் அருவிக்கரையில் வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர். விரல்கள் வீங்கி மடங்காமற்போனபின் வேலையில்லை. ஊரிலும் யாரும் இல்லை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று அன்றுதான் முதல்முறையாக அவரிடம் கேட்டேன். போர்வை கொடுத்தபோது நான் கேட்டிருக்கவில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, "கண்ணாடி வேணும் ஐயா. பாய் கடையில பேப்பர் கெடக்கு. எழுத்து தெரிய மாட்டேங்குது" என்றார்.

பவுலின் கடைசி நிருபம் என் நினைவுக்கு வந்தது. குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதும் அவர், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கேட்கிறார். கூடவே புஸ்தகங்களையும் கேட்கிறார். சிறையில் குளிரால் வாடும் முதியவருக்கும் வாசிக்க ஆசை இருக்கும். மேலங்கி மட்டும் கொடுத்தால் போதும் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். அடுத்த கண் சிகிச்சை முகாமில் பெரியவருக்குக் கண்ணாடி கிடைத்தது.

மெலித்தாவில் இன்னொரு காரியமும் உண்டு. நெருப்பு அணைந்துவிடாதபடி பவுலும் விறகு பொறுக்கினார். உதவி பெறுகிறவரைச் சும்மா உட்காரவைப்பது அன்பு ஆகாது. பெரியவர் தங்கும் இரவுகளில், விடிந்ததும் பாய்களைச் சுருட்டி, கொட்டகையைப் பெருக்கிவிட்டுத்தான் போவார். நாங்கள் சொல்லி அவர் செய்யவில்லை. நாங்கள் தடுக்கவும் இல்லை. மழையில்லாத நாட்களில் அவர் இன்றும் அந்தக் கடைப் படியிலேயே படுக்கிறார். நம் ஆராதனைக்கு அவர் வந்ததில்லை. வரவேண்டும் என்று கொட்டகையின் கதவில் நாம் எழுதிவைக்கவும் இல்லை.

சென்ற ஆண்டு கமிட்டி மற்றொரு தீர்மானம் செய்தது. கேட்டின் திறவுகோலுக்கு மறுபிரதி ஒன்று செய்து, அதைத் தேநீர்க் கடையில் கொடுத்துவைத்தோம். நான் ஊரில் இல்லாத இரவிலும் மழை பெய்யக்கூடும். பாய் எப்போதும் ஊரில் இருப்பார். அது அவர் கல்லாவின் மேல் ஓர் ஆணியில் தொங்குகிறது. போகும்போது பாருங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் தெருவில் இரவில் படுத்திருப்பவர் ஒருவரைப் பகலில் சந்தித்து, பெயரைக் கேளுங்கள். என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். போர்வை கொடுத்தால், விரிக்க ஒரு பாயும், நனையாமல் வைக்க ஒரு பிளாஸ்டிக் தாளும் சேர்த்துக் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டு முகப்பிலோ கடை முகப்பிலோ மழைக்கு ஒதுங்குகிறவரை விரட்டாதிருங்கள். மார்கழி முடியும்வரை கொட்டகையில் இரவு தங்க இன்னும் ஆறு பேர் தேவைப்படுகிறார்கள். ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

ஜெபம் செய்வோம்: தலை சாய்க்க இடமின்றி இவ்வுலகில் நடந்த எங்கள் ஆண்டவரே, நாங்கள் பூட்டிவிட்டு உறங்கிய இரவுகளை எங்களுக்கு மன்னியும். நீர் எங்கள் வாசலுக்கு நனைந்து வரும்போது உம்மை அடையாளம் காணும் கண்களைத் தாரும். அடையாளம் காணாவிட்டாலும் கதவைத் திறக்கும் மனதைத் தாரும். எங்களுக்கு முன்பே நெருப்பை மூட்டிவைத்த அயலாருக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். இந்த மழைக்காலத்தில் தெருவில் இருக்கும் ஒவ்வொருவரையும் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தரின் பணியில்,
உங்கள் போதகர்